கண்டு ஒட்டுறது லேசு, மோனை

வா மோனை, இப்பிடி இரு. உன்ரை புதுப் பாஷையை ஜீ.சீ.சீ. கொம்பைலருக்குள்ளை ஏத்தப் போறியாம் எண்டு சாவகச்சேரிச் சந்தை முழுக்கக் கதை. மீன் வாங்கப் போன என்னை மறிச்சு, "உங்கடை பேரன் பாஷை செய்யிறாராமே?" எண்டு ஒரு மனுசி கேட்டுது. "ஓம், தமிழ் அவருக்குக் காணாமப் போச்சு" எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

மூண்டு நாளாத் திண்ணையிலை இருந்து நீ விளங்கப்படுத்தினதை நான் ஒட்டுமாங்கண்டாத்தான் விளங்கிக்கொண்டன். அடியிலை புளிமாங்கொட்டை முளைச்ச கண்டு. மேலை கறுத்தக்கொழும்பான் குருத்து. நீ எழுதிறது குருத்தை மட்டும்: உன்ரை பாஷையை வாசிச்சு, பிழை பிடிச்சு, ஜிம்பிள் எண்ட பொதுவடிவத்துக்கு இறக்கிக் குடுக்கிற முன்பக்கம். அதைச் சீர்ப்படுத்தி, இன்ரெல், ஆர்ம் எண்டு சில்லுக்குச் சில்லு கட்டளையாக்கிறது எல்லாம் 1987 இலை றிச்சட் ஸ்ரோல்மன் நட்ட மரத்தின்ரை வேலை. அந்தாள் நட்டது சீ பாஷைக்கு. 'குனூ சீ கொம்பைலர்' எண்டுதான் பேரும். பேந்து வேறை பாஷையளையும் ஒட்டு மேலை ஒட்டாக் கட்டி, 1999 இலை 'கொம்பைலர் கலெக்சன்' எண்டு பேரையே மாத்திப்போட்டினம்.

ஆனபடியா உனக்கு வேலை லேசு. ஒரு போல்டரைத் திற, கொன்பிக்-லாங் எண்ட கோப்பிலை உன்ரை பாஷையின்ரை பேரை எழுது. தேத்தண்ணி ஆறமுதல் முடிஞ்சிடும். மிச்சத்தைத்தான் பத்து வருசம் செய்யோணும்.

உள்ளுக்கு விடுறதோ இல்லையோ எண்டு தீர்மானிக்க ஒரு வழிநடத்தற் குழு இருக்காம். கோயில் சபையிலை புதுசா ஒரு திருவிழா கேட்டுப் பார்த்திருக்கிறியோ? அதுதான். முந்தி இன்னொரு கரைச்சலும் இருந்தது. நீ எழுதினதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளைக்குக் காணி உறுதி மாதிரி எழுதிக் குடுக்கோணும். யாழ்ப்பாணத்தானிட்டை உறுதி கேட்டா நடக்கிற கதையோ? நல்லகாலம், 2021 இலை விட்டுக்குடுத்திட்டினம். 'இது என்ரை எழுத்து, குடுக்க எனக்கு உரித்திருக்கு' எண்டு ஒரு வரி போட்டாக் காணும்.

கையஸ் மல்லி எண்ட மனுசன் மொடியுலா-2 எண்ட பாஷையை வருசக்கணக்கா வேலிக்கு வெளியிலை வளர்த்தவர். 2023 இலை, 13 ஆம் பதிப்பிலைதான் படலை திறந்தது. கோபோலைப் பார், 1959 இலை கருக்கொண்டது, என்னிலும் எட்டு வயது இளையது. அதுக்கு 2025 இலைதான், 15 ஆம் பதிப்பிலை, மணவறை. உன்ரை பாஷைக்கு எத்தினை மாசம்? ஆறோ? சீச்சீ, அவசரம் எண்டு நான் சொல்லேல்லை. சில பிள்ளையள் ஆறு மாசத்திலையே நடக்குதுகள்.

ஜாவாவின்ரை கதை கேள். அதுவும் இந்த மரத்திலை தடல்புடலா நிண்ட ஒட்டு. ஓப்பன்-ஜே.டி.கே. எண்டு பக்கத்து வளவிலை வேறை மரம் காய்க்க, பெடியள் எல்லாரும் அங்கை. இஞ்சை தண்ணி ஊத்த ஆளில்லை. ஆரும் நடுத்தண்டிலை ஒரு திருத்தம் செய்தா உன்ரை குருத்து வாடும், கண்டியோ. அண்டைக்கே ஓடிவந்து பார்க்க ஒருத்தன் வேணும். வரேல்லை. 2017 இலை, ஏழாம் பதிப்பிலை, தறிச்சுப்போட்டினம்.

அதாலை நான் உனக்குச் சொல்லுற புத்தி: சோதனைக் கோப்பு ஒண்டும் எழுதாதை, அது வயசு போனவையின்ரை வேலை. மற்றவை கேள்வி கேட்டா மூண்டு மாசம் கழிச்சுப் பதில் போடு, மரியாதை கூடும். பிழை பிடிச்சவனை முதல்லை பேசு. பேந்து கனடா விசா வந்தோடனை, 'ஆராவது பார்த்துக்கொள்ளுங்கோ' எண்டு ஒரு கடிதம் போட்டிட்டு வெளிக்கிடு. ஜாவாவுக்குத் துணையாப் போகலாம்.

என்ன, எழும்பிறாய்? இரு, ஒண்டு கேக்க மறந்திட்டன். வேலியோரம் நிக்கிற ஒட்டுக்கண்டு, நீதானே போன மாசம் கட்டினனி? காலமை தண்ணி ஊத்தினனியோ?

வாளி கிணத்தடியிலை கிடக்கு.