முணுமுணுப்பியல்: மயூர் விஹார்ப் படலம்

மெட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. இந்த நோய்க்குத் தமிழில் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. இக்கட்டுரையில் 'தொண்டைக்குழிச் சிக்கல்' என்று வழங்குவோம். சென்னையில் இது சாதாரணக் கோளாறு; பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் தீர்ந்துவிடும். தில்லியில் பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாபி. மேல்மாடி மாமாவைக் கேட்டால் பாட்டோடு அந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கிய கதையும் வரும். ஆகவே கைபேசி.

ஆய்வுக்களம் யமுனைக்கு அக்கரையில், மயூர் விஹாரில் ஒரு அடுக்ககம். ஆய்வுக்கு உட்பட்டோர்: நான், மகள், மேல்மாடி மாமா, எதிர்வீட்டு மலையாளிச் சேச்சி. "வேற வேலை இல்லையா?" என்று கேட்டதால் மனைவி மாதிரியிலிருந்து நீக்கப்பட்டார்.

முதலில் எழுத்ததிகாரம். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவதே இங்கே வழக்கு. அதில் தகரம் ஆய்வாளனுக்குப் புதையல். 'லதா' என்று எழுத, தமிழ்நாட்டில் வளர்ந்தவர் டி-க்குப் பின்னால் ஒரு எச் போடுவார்; விட்டால் 'லடா' ஆகிவிடும் என்ற பயம். தில்லியில் பள்ளிக்கூடம் போனவர் போடமாட்டார். இந்திக்காரர் கணக்கில் எச் சேர்ந்தால் அது மூச்சை அழுத்திச் சொல்லும் வேறொரு எழுத்து. எனவே தேடல் பெட்டியில் விழும் ஒரே ஒரு எச்-சை வைத்து, ஆள் எந்த ஊரில் ஒன்றாம் வகுப்பு படித்தார் என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் நான் போடுகிறேன், மகள் போடுவதில்லை. ழகரத்துக்கு நான் இசட்டும் எச்சும் செலவழிக்கிறேன். அவள் எல் ஒன்றோடு முடித்துக்கொள்கிறாள். தேடுபொறி இருவரையும் மன்னித்து ஒரே பாட்டைக் கொடுக்கிறது. தொல்காப்பியர் மன்னித்திருப்பாரா என்பது தனி ஆய்வு. இந்த வேறுபாடுகளுக்குப் பதிப்புலகில் பாடபேதம் என்று பெயர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஏடு தேடி அலைந்தார். நாம் கட்டிலில் படுத்தபடியே அலைகிறோம்.

குரல்வழித் தேடலுக்கு ஒரு வாக்கியம் போதும்: கைபேசியை இந்தியில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டின் பெயரைச் சொன்னதில் எனக்கு உருளைக்கிழங்கு விலை கிடைத்தது.

அடுத்தது சோதிட மரபு. ஓடும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் 2002-இல் பிரிட்டனில் வந்தபோது செயலி என்று எதுவும் கிடையாது. 2580-க்குப் போன் போட்டு, கைபேசியைப் பாட்டு வரும் பக்கம் நீட்டினால், பெயர் குறுஞ்செய்தியாக வரும். (பழைய பொத்தான் போனில் நடு வரிசையை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, அவ்வளவுதான் 2580.) அதன் உள்வேலையை வகுத்தவர் ஏவரி வாங். ஒலியில் துருத்தி நிற்கும் உச்சங்களை மட்டும் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிக்கூட்டத்துக்கு 2003-இல் எழுதிய கட்டுரையில் நட்சத்திர வரைபடம் என்றே பெயர் வைத்தார். புள்ளிகளை ஜோடி சேர்த்துக் கிடங்கில் உள்ளவற்றோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரப் பொருத்தம் என்று நம் வீடுகளில் செய்துவருவது வேறென்ன? ஜாதகத்துக்கு உள்ள பிடிவாதமும் இதற்கு உண்டு. அதே ஒலிப்பதிவு ஓடினால்தான் பொருந்தும்; பாடியவரே மேடையில் நின்று மறுபடி பாடினால் பெரும்பாலும் பொருந்தாது.

2020 அக்டோபரில் கூகுள் முணுமுணுப்பையும் ஏற்றுக்கொண்டது. பத்துப் பதினைந்து வினாடி 'ம்ம்ம்' என்றால் போதும். குரலையும் வாத்தியத்தையும் உரித்துப் போட்டுவிட்டு, மெட்டு ஏறி இறங்கும் வழியை மட்டும் எண்களாக வைத்துக்கொள்கிறது. ஜாதகம் பார்க்காமல் மனப்பொருத்தம் மட்டும் பார்க்கும் கல்யாணம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இளையராஜாவின் மெட்டு ஒன்றை முணுமுணுத்தேன். கைபேசி முதலில் காட்டியது 'பா', இந்தி, 2009. மகள், "அதான், அமிதாப் படம்" என்றாள். காபிக்கு வந்திருந்த மாமா டம்ளரை வைத்துவிட்டார். "என்னம்மா சொல்றே? இது 'ஆட்டோ ராஜா'! எண்பத்திரண்டு!" சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த சேச்சி இருவரையும் தள்ளுபடி செய்தார்: அது பாலு மகேந்திராவின் 'ஓளங்ஙள்'. அதுவும் 1982. மூவருமே சரி. மலையாளத்திலும் தமிழிலும் ஒரே ஆண்டில் ஒலித்த மெட்டு, 27 ஆண்டு கழித்து இந்திக்குப் போனது. மெட்டை மட்டும் கேட்கும் கருவிக்கு மூன்றும் ஒன்றே. எதை முதலில் காட்டுகிறதோ அந்த வீட்டுக்காரர் அன்றைக்குக் கருவியைப் புகழ்கிறார்; மற்றவர்கள் அதற்குக் காது போதாது என்கிறார்கள்.

பாலிகா பஜாரில் கேசட் வாங்கிய காலத்தில் இந்தத் தகராறு இல்லை. 'ரோஜா' (1992) இந்திக்கும் போன பிறகு கடைக்காரரிடம் "ரஹ்மான்வாலா, மதராஸி" என்று இரண்டே சொல் சொல்வோம். அவர் எதையாவது எடுத்துக் கொடுப்பார். அதைக் கேட்டுப் பழகிக்கொள்வோம். என் கணிப்பில் அதுவே ஆகச் சிறந்த பரிந்துரை முறை.

ஒரு மெட்டு மட்டும் இன்னும் அகப்படவில்லை. ஆர்.கே.புரம் மலை மந்திர் படிகளில் இறங்கும்போது ஒரு பெரியவர் முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போனார். வீடு வந்ததும் எல்லாக் கருவிகளிடமும் முணுமுணுத்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. மெதுவாக ஏறும், மேலே போய் ஒரு இடத்தில் நிற்கும், அங்கே இருமினார். இருமல் பாட்டில் சேர்த்தியா என்று தெரியவில்லை. அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். எச் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.