சஹாஜா

பத்துக்கு உட்பட்ட எண்ணை எழுத்தால் எழுது, அதற்கு மேல் போனால் இலக்கத்தில் போடு என்று பத்திரிகை ஆபீசில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். புரூஃப் பார்ப்பவர் ஆயுள் முழுக்க இந்த விதியைக் கட்டிக்கொண்டு அழுவார். நாட்டை ஆள்பவர்களின் கையேடு வேறு. போன பணத்தைச் சுருக்கி எழுது. தரப்போவதாகச் சொல்லும் பணத்தைப் பூச்சியம் பூச்சியமாக விரித்து எழுது.

மலேசியப் பிரதமராக இருந்த நஜிப்பின் சொந்தக் கணக்கில் விழுந்ததாக 2015இல் வெளியான தொகை '2.6 பில்லியன்'. பில்லியனைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்: ஒரு கிளாஸ் தே தாரிக் விலை. 260 கோடி வெள்ளி என்று போட்டிருந்தால் தோட்டத்துப் பாட்டிக்கும் வயிறு எரிந்திருக்கும். அது சவூதி அரச குடும்பத்து நன்கொடை என்று 2016 ஜனவரியில் சட்டத்துறைத் தலைவர் சொல்லி முடித்தார். பிறகு எஸ்ஆர்சி நிறுவனப் பண வழக்கில், 2020இல், நஜிப்புக்கு 12 ஆண்டு சிறை, 210 மில்லியன் அபராதம். 2024இல் மன்னிப்பு வாரியம் சிறையைப் பாதியாக்கி அபராதத்தை 50 மில்லியனுக்கு இறக்கியது. அந்தத் தண்டனையை 'ஆறு' என்று எழுத்தாலேயே எழுதலாம். நடை விதிக்காகத்தான் குறைத்தார்களோ என்னவோ!

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்டில் ஏறினால் மூன்றுக்கு அடுத்து 3ஏ இருக்கும். நாலைக் கண்டு அவ்வளவு பயம். பூச்சியத்துக்குப் பயப்படும் அரசியல்வாதி ஒருவரை இந்த வட்டாரத்தில் காட்டுங்கள் பார்ப்போம். தேர்தல் வாடை அடித்ததும் கோயில் மண்டபத்துக்கு மாதிரிக் காசோலை வந்துவிடும். ஆளுயர அட்டை. ஒரு முனையைத் தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்பி பிடிக்க, மறுமுனையைக் கோயில் தலைவர் பிடிக்க, மின்விசிறிக் காற்றில் வளையாமலிருக்க ஒரு பையன் பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பான். 50,000.00. சென் இடத்துப் பூச்சியம் இரண்டையும்கூட விடமாட்டார்கள். கீழே எழுத்தில், 'லீமா பூலு ரிபு சஹாஜா', ஐம்பதாயிரம் மட்டும். தேதி இல்லை, கணக்கு எண் இல்லை, கையெழுத்துப் போடும் இடத்தில் கட்சிச் சின்னம். மறுநாள் பேப்பரில் படம். பணம்? "புரோசெஸ்ல இருக்கு." அட்டை அன்னதான அண்டாவுக்கு மூடியான பிறகும் புரோசெஸ்தான்.

எழுத்தும் இலக்கமும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது காசோலைகளை ஆளும் 1949ஆம் ஆண்டுச் சட்டம். அட்டையில் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும். பணம் மட்டும் எதனோடும் ஒத்துப்போகாது.

பட்ஜெட் வந்தால் இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ராவுக்கு '100 மில்லியன்' என்று கொட்டை எழுத்துத் தலைப்பு. இந்தியர் ஏறக்குறைய 20 லட்சம் பேர். தலைக்கு ஐம்பது வெள்ளி, வருஷத்துக்கு. எழுத்தாலும் எழுதலாம், இலக்கத்தாலும் எழுதலாம். அதை எழுத மட்டும் எந்த அமைச்சருக்கும் கை வரவில்லை.

ஆனால் உதவிக்குப் போகும் விதவையிடம் விதி நிமிர்ந்து நிற்கும். வருமானத்தை இலக்கத்தில் எழுது, எழுத்தில் எழுது, மலாயில் எழுது, கறுப்பு மையில் எழுது. ஒரு பூச்சியம் கோணினால், "இது ஆறா, பூச்சியமா?" என்று கேட்டுக் கவுண்டரில் புது பாரத்தைத் தள்ளுவார்கள், திங்கட்கிழமை வரச் சொல்வார்கள்.

கோயில் தலைவர்மாரே, அடுத்த அட்டை வரும்போது மாலையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கவுண்டர் ஆள் மாதிரி நில்லுங்கள். தேதி எங்கே, கணக்கு எண் எங்கே, கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒய்பி கையில் புது பாரம் ஒன்றைக் கொடுத்துத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள்.