அனுமதி நீக்கா அண்ணல்

ஓசூர் சிப்காட்டில் வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடங்களில் காணப்படும் மனித வகைகளுள், அனுமதி நீக்கா அண்ணல் தனித்து ஆராயத் தக்கவர். அச்சுப்பொறியில் தாள் சிக்கினாலும் கேமரா கண்ணை மூடினாலும் அழைக்கப்படுபவர் அவரே எனினும், அவருடைய மெய்யான ஆட்சிப்பரப்பு பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதாவது, வரைபடங்களையும் சிஎன்சி இயந்திர நிரல்களையும் யார், எப்போது திருத்தினார் என்பதைப் பழைய வடிவங்களோடு சேர்த்துக் காக்கும் மென்பொருள்.

2000இல் தொடங்கப்பெற்ற சப்வெர்ஷன் என்னும் அத்தகைய மென்பொருளில், எந்தக் கோப்புறையை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பவை ஓர் எளிய உரைக்கோப்பில் வரிவரியாக எழுதப்படும். இதுவே அணுகல் விதிக்கோப்பு. சேர்ப்பதில் அண்ணல் கர்ணன். தரப்பிரிவிலிருந்து ஓர் அழைப்பு வந்தால், தேநீர் ஆறுமுன் அனுமதி கிடைத்துவிடும். நீக்குவதோ அவர் குலவழக்கில் இல்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மாநில எல்லையின் வணிகவரிச் சோதனைச்சாவடிகளையே அரசு எடுத்துவிட்டது; ஆனால் அவ்வாண்டு பயிற்சிக்கு வந்துபோன மாணவரும், அவ்வெல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியே பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை மாறியவர்களும் அண்ணலின் கோப்பில் இன்றும் எழுதும் உரிமையோடு வாழ்கின்றனர். கேட்டால், "இருக்கட்டும் சார், அது என்ன சோறா கேக்குது?" என்பார்.

அவரது அச்சம் ஆதாரமற்றதன்று. ஒரு கோப்புறைக்கான விதியை அழித்தால், மேலுள்ள கோப்புறையின் விதி இறங்கி வந்து அமர்ந்துகொள்ளும்; மேலேயும் விதி இல்லையெனில் கதவு அனைவருக்கும் மூடும்; விதிக்கோப்பே வேண்டாமென்று வழங்கியின் அமைப்பிலிருந்து அதற்குரிய வரியை எடுத்துவிட்டாலோ, கடவுச்சொல் உடைய எவருக்கும், கோப்புகள் யாவும் சேமிக்கப்பட்டுள்ள களஞ்சியம் முழுவதும் திறந்துவிடும். இத்தகைய ஒரு திருத்தத்தால் இரவு ஷிப்டில் நிரல் கிடைக்காமல் இயந்திரம் நிற்க, அதற்கான வசவை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை அழிக்கத் துணியார்.

மேலிடம் வற்புறுத்தும்போதும் அவர் அழிக்காமல், வரியின் தலையில் # குறி இடுவார். அவ்வரியைக் கணினி தவிர்த்துவிடும், மனிதர் மட்டும் படிக்கலாம். கூடவே 'தற்காலிகம், மேலாளர் சொன்னபடி' என்றொரு குறிப்பு நிற்கும். எந்த மேலாளர் என்பது நிற்காது. 2013இல் வெளியான சப்வெர்ஷன் 1.8 முதல் விதிக்கோப்பையும் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்து, அழித்த வரியை வேண்டும்போது மீட்க வழியுண்டு. ஆலையின் கோப்புகள் யாவற்றையும் அந்த அமைப்பிடம் ஒப்படைக்கச் சொல்லும் அண்ணலோ, தம் கோப்பை மட்டும் 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று நகலெடுத்துத் தம் கணினியின் முகப்பில் அடுக்கி வைத்திருப்பார்.

வாகனத்துறைத் தரச்சான்றான ஐஏடிஎஃப் 16949க்குத் தணிக்கை வரும் நாளில், தணிக்கையாளர் அக்கோப்பைத் திறந்து, கீழே உருட்டி, முடிவு தென்படாமையால் பாதியில் நிறுத்தி, 'அணுகல் கட்டுப்பாடு மிக விரிவாக உள்ளது' என்று எழுதிச் செல்வார். அவர் பார்ப்பதற்கென்று அன்று காலை சேர்க்கப்பட்ட அனுமதி வரி, சென்ற ஆண்டுத் தணிக்கையாளரின் வரிக்கு நேர் கீழே இடம்பெற்றிருக்கும்.