தவணையில் ஒரு நேர்த்திக்கடன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க ஆசைதான். ஆனால் முதல் வார்த்தையே பொய்யாகிவிடும். இரண்டு காலையும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வலது காலில் நாலு கொப்புளம், இடது காலில் மூன்று. பெருவிரல் நகம் ஒன்று இன்றோ நாளையோ என்று கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். நீ அதை மாமாவில் ஆரம்பித்து பால்காரர் வரைக்கும் போட்டுக் காட்டுவாய். நான் நடுநடுவே "ஐயோ" என்று முனகுவது திண்டிவனம் முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

பயப்படாதே, எங்கேயும் விழவில்லை. நடந்தேன், அவ்வளவுதான். ஆறு நாளில் சுமார் 130 கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து விழுப்புரம் போய், திரும்பி வந்து, மறுபடியும் விழுப்புரம் போய், அங்கே ஜங்ஷனைச் சுற்றிச் சுற்றி வந்தால் எவ்வளவோ, அவ்வளவு. மாமா இதைப் படித்ததும், "ஏன், அந்த ஊர்ல பஸ் ஓடலையா?" என்று கேட்பார். ஓடுகிறது மாமா. அதைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தோம்.

எல்லாம் உன் தம்பி பொண்டாட்டியின் வேண்டுதல். பெரியவன் பக்கலோரியா பாஸ் பண்ணினால் (இங்கே பிரான்சில் பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர்) சந்தியாகப்பர் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பாஸும் பண்ணிவிட்டான். நான் கட்டிய டியூஷன் பீஸுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். பாண்டிச்சேரிக்காரியிடம் பேசி ஜெயித்தவன் எவன் இருக்கிறான்?

சந்தியாகப்பர் யார் என்று கேட்பாய். நம் பக்கத்து வேதக்காரர்கள் பிள்ளைக்கு சந்தியாகு என்று பேர் வைப்பார்களே, அவர்தான். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற ஊரில் அவருடைய கல்லறை இருப்பதாக நம்பிக்கை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஐரோப்பா முழுக்க ஜனங்கள் அங்கே நடந்து போகிறார்கள். பிரான்சில் அதற்கு நாலு பெரிய பாதைகள். நாங்கள் பிடித்தது லெ புய் என்ற ஊரிலிருந்து கிளம்பும் பாதை. அந்த ஊர் ஆயர் கோதெஸ்கால் 950-ல் பரிவாரத்தோடு அங்கே போய் வந்தார். திரும்பி வந்த சந்தோஷத்தில், ஊருக்குள் ஈட்டி மாதிரி நிற்கும் ஒரு எரிமலைப் பாறையின் உச்சியில் ஒரு கோயிலும் கட்டினார். அதற்கு 268 படி. நடந்து வந்த காலோடு மனுஷனுக்கு எப்படித்தான் இந்த யோசனை வந்ததோ!

லெ புய்யிலிருந்து சந்தியாகப்பர் இருக்கும் இடம் சுமார் 1,500 கிலோமீட்டர். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கடையில் இரண்டு மாசம் லீவு கேட்டால், முதலாளி இரண்டு மாசம் எதற்கு, ஒரேயடியாகவே எடுத்துக்கொள் என்பார். அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். இங்கே நிறையப் பேர் தவணையில்தான் நடக்கிறார்கள்! வருஷத்துக்கு ஒரு வாரம். இந்த வருஷம் எந்த ஊரில் நிறுத்தினார்களோ, அடுத்த வருஷம் ரயிலேறி அதே ஊரில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சாமிக்குப் பட்ட கடனை மாசச் சீட்டு மாதிரி கட்டுகிற தேசம் அக்கா இது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 130 என்றால் பன்னிரண்டு வருஷம். கும்பகோணத்தில் ஒரு மகாமகத்துக்குக் கிளம்பினால் அடுத்த மகாமகத்துக்குப் போய்ச் சேரலாம்.

போன மாசம் முதல் தவணை. லெ புய் கோயிலில் காலை ஏழு மணிப் பூசை. முடிந்ததும் நடக்கப் போகிறவர்களை மட்டும் முன்னால் கூப்பிட்டு, யார் யார் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று சாமியார் கேட்டார். இவள் "பாண்டிச்சேரி" என்றாள். கூட்டம் மொத்தமும் "ஆ!" என்றது. பிரான்சில் அந்தப் பெயருக்கு ஒரு மவுசு உண்டு. நான் "திண்டிவனம்" என்றேன். ஒரு ஈ, காக்கை அசையவில்லை. விடுவேனா? பாண்டிச்சேரியிலிருந்து 40 கிலோமீட்டர், திந்திரிணி வனம் என்பதுதான் திண்டிவனம் ஆனது, புளியங்காடு என்று அர்த்தம் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். புளிக்குப் பிரெஞ்சில் என்ன என்று தேடுவதற்குள் ஆசீர்வாதம் முடிந்துவிட்டது. அந்தக் கோயிலில் ஒரு விசேஷம்: நடுத்தரையில் ஒரு கதவு திறக்கிறது. அதற்குள்ளிருந்து படிகள் நேரே தெருவுக்கு இறங்குகின்றன. கோயிலின் வயிற்றிலிருந்து பிறந்து வருவது மாதிரி வெளியே வந்தோம்.

வாசலில் முதல் செலவு, சிப்பி. இந்த யாத்திரைக்குச் சிப்பிதான் அடையாளம். முதுகுப் பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். மரக்காணம் கடற்கரையில் நாம் காலால் எத்திவிட்ட சாமானை யூரோ கொடுத்து வாங்கினேன். இரண்டாவது செலவு, ஒரு மடிப்பு அட்டை. தங்கும் ஊரில் எல்லாம் அதில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். பக்திக்கும் ரேஷன் கார்டு வைத்திருக்கிறார்கள். முத்திரை இருந்தால்தான் கடைசியில் கொம்போஸ்தெலாவில் சான்றிதழ்.

வழி தவறாமலிருக்க மரத்திலும் பாறையிலும் வெள்ளை, சிவப்புப் பட்டை இழுத்திருக்கிறார்கள். முதலில் பார்த்ததும் என் கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம் கோயில் மதில் ஞாபகம். பட்டை படுக்கையாக இருந்தால் சரியான வழி. பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இதை இவள் சொன்னாள். நான்தான் கவனிக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாள் 24 கிலோமீட்டர். கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவனுக்கு நடப்பது பெரிய காரியமா என்று இறுமாந்திருந்தேன். நிற்கிற கால் வேறு, நடக்கிற கால் வேறு அக்கா. இரண்டாம் நாள் ஒரு பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டு மறுபடி மேலே ஏற்றினார்கள். ஏறிப் போனால் சோக் என்ற ஊர். 1764 முதல் 1767 வரை அந்தச் சீமையில் ஓநாய் மாதிரி ஒரு மிருகம் ஆடு மேய்க்கிற பெண்களையும் பிள்ளைகளையும் அடித்துத் தின்றதாம். ஊரில் அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். என் கால் இருந்த நிலைக்கு, அந்த மிருகம் வந்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன். வா, வந்து முடித்துவிடு என்றிருப்பேன்.

ராத்திரி தங்குவதற்கு ழீத் என்று ஒன்று, சத்திரம் மாதிரி. ஆனால் சத்திரத்தில் காசு வாங்க மாட்டார்கள். பூட்ஸை வாசலில் கழற்றி அலமாரியில் அடுக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பல இடங்களில் பையையும் வெளியே வைக்கச் சொல்கிறார்கள். ஒரே அறையில் ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேர், ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழும் கட்டில். நான் விட்ட குறட்டையில் மேல் கட்டில்காரர் விடிவதற்கு முன்பே நடக்கப் போய்விட்டார். இவள் கொண்டுவந்த புளிக்காய்ச்சல் பாட்டில் இரண்டாம் நாள் பைக்குள் கசிந்தது. அதற்கு அப்புறம் நாங்கள் போன இடமெல்லாம் திண்டிவனம்தான், பெயருக்கேற்ற வாசனையோடு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய். ஓப்ராக் என்று ஒரு மேட்டு நிலம், ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில். மரம் குறைவு, புல், மாடு, காற்று. அங்கே அலிகோ என்று ஒன்று தருகிறார்கள். உருளைக்கிழங்கை மசித்து, புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டோ கிண்டு என்று கிண்டுகிறார்கள். கரண்டியைத் தூக்கினால் ஆள் உயரத்துக்குக் கயிறு மாதிரி வருகிறது. பழைய காலத்தில் மடத்துச் சாமியார்கள் வழிநடைக்காரர்களுக்கு ஆக்கிப் போட்டது என்கிறார்கள். அம்மா கேழ்வரகுக் களி கிண்டும்போது துடுப்பைப் பிடிக்க என்னைக் கூப்பிடுவாளே, அதே வேலை, அதே வியர்வை. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்புதான் இல்லை.

இப்போது நாலாம் நாள் கதை.

27 கிலோமீட்டர். இவள் முன்னால் போய்விட்டாள். எப்போதும் அப்படித்தான். நான் பெருக்கல் குறியைத் தாண்டி ஜோராக இறங்கிப் போனேன், முக்கால் மணி நேரம். எதிரே வந்த மாடு ஒன்று என்னைப் பார்த்த பார்வையில்தான் சந்தேகம் தட்டியது. திரும்பி ஏறினேன். வெயில். மே மாசத்தில் அந்த மேட்டில் அப்படி வெயில் அடிக்கும் என்று யார் கண்டது? தண்ணீர் பாட்டில் காலி. தொடை இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கண்ணில் பூச்சி பறந்தது.

அப்போது ஒரு பண்ணை வீட்டு வாசலில் மேஜை போட்டிருந்தது. மேலே தண்ணீர் ஜாடி, பிளாஸ்கில் காபி, விரும்பியதைப் போட ஒரு டப்பா. அந்தப் பாதையில் சில இடங்களில் இப்படி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "எங்கேயிருந்து வர்றீங்க?" என்றாள்.

அக்கா, எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அப்புறம் வந்தது பிரெஞ்சு இல்லை. "ஆயா, முதல்ல தண்ணி" என்றேன். தமிழில்!

பாட்டிக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரெண்டு டம்ளர் தண்ணீர். அப்புறம் ஒரு தட்டில் சின்னச் சின்ன சிவப்பு முள்ளங்கி, வெண்ணெய், ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு. முள்ளங்கியை உப்பில் அழுத்தித் தின்று காட்டினாள். நானும் தின்றேன். பத்துப் பன்னிரண்டு தின்றிருப்பேன். உப்பு நாக்கில் பட்டதும் உடம்பு மொத்தமும் அதைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் தொடை தளர்ந்து கொடுத்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நம் டீக்கடை ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் மாசம், 29-ம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்னால், மெட்ராஸிலிருந்து காவி உடுத்தி நடந்து வருவார்களே. மாதா வண்டியைத் தள்ளிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு. அப்பா தார் ரோட்டில் ஈரச் சாக்கு விரித்து, அண்டாவில் மோர் கரைத்து வைப்பார். வேளாங்கண்ணி மாதா, கால் ஊனமான மோர்க்காரப் பையனிடம் மோர் வாங்கிக் குடித்து அவனை நடக்க வைத்தாளாம், நமக்கு ஒரு பங்கு புண்ணியமாவது வராதா என்பார். கழுத்தில் மயிலம் முருகன் டாலர், கையில் மாதாவுக்கு மோர்! மரக்காணத்து உப்பை அதில் கை கையாக அள்ளிப் போடுவார். அம்மா திட்டுவாள்: "மனுஷன் குடிக்கிற மோரா இது, கடல் தண்ணியா?" நாமும் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியிருக்கிறோம். அப்பா பதிலே சொல்ல மாட்டார். வருகிறவர்கள் மட்டும் ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

நடந்தவன் குடிக்கிற மோர் அது. சாக்கில் நின்று குடிக்கிறவனுக்குத் தெரிந்த ருசி, ஊற்றிக் கொடுத்த நமக்குத் தெரியவில்லை. 52 வயதில், யாரோ ஒரு பாட்டி வீட்டு முள்ளங்கி தின்றுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நீ மோர் ஊற்றுவாய், நான் டம்ளர் கழுவுவேன் (இந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்). கழுவின டம்ளரை நீட்டிக்கொண்டே வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கேருந்து வர்றீங்க? எத்தனை நாளாச்சு? கால் வலிக்குதா?" என்று கேட்டு உயிரை வாங்குவேன். ஒருத்தர் என் தலையைத் தடவி, "தம்பி, முதல்ல மோரு" என்றார். ரொம்ப நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் போய்விட்டது.

பாட்டியின் டப்பாவில் ஐந்து யூரோ போட்டேன். அவள் கை கொடுத்து, "சந்தியாகப்பரிடம் எனக்காகவும் வேண்டிக்கோ" என்றாள். பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். இவள் வேண்டுதலுக்குத் துணைக்கு வந்தவன் அக்கா நான். இப்போது என் தலையிலும் ஒரு கடன்.

ஆறாம் நாள் சேன் ஷெலி என்ற ஊரில் நிறுத்தினோம். அட்டையில் முத்திரை குத்திக்கொண்டோம். வரும் மே மாசம் அங்கிருந்து தொடங்க வேண்டும். இவள் இப்போதே நாள் பார்த்துவிட்டாள். அதற்கு நடுவில் ஒரு ஆகஸ்டில் ஊருக்கு வந்து, திண்டிவனத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தால் என்ன என்றும் கேட்கிறாள். சுமார் 200 கிலோமீட்டர், அங்கே தவணை கிடையாது. நான் கேட்காத மாதிரி காலில் மருந்து தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஈ.சி.ஆர். வந்த பிறகு பாதிக் கூட்டம் மரக்காணம் வழியாகப் போய்விடுகிறது, ஆனாலும் நம் பக்கம் வருகிறவர்களுக்கு நீயும் மாமாவும் விடாமல் மோர் வைக்கிறீர்கள் என்று சொன்னாய். இந்த வருஷம் மூன்று காரியம் செய். பெஞ்சு நாலு போடு. நின்றுகொண்டே குடிக்கிறவனுக்கு உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றும், கேட்க மாட்டான். மோரில் அப்பா போட்ட அளவு உப்புப் போடு; மாமா முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர். முதல் டம்ளர் காலியாகிற வரைக்கும் யாரையும் எந்த ஊர் என்று கேட்காதே.

மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: இந்த வருஷம் டம்ளர் கழுவ ஆள் பிடித்துவிட்டாயா? இல்லாவிட்டால் அந்த வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை. இவள் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.