நோய்க்கிருமிக்கும் தெரு தெரியும்

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில ஒக்காரு. சென்னையில வீடு ரெண்டே நாள்ல கெடச்சிருச்சாமே, ஒங்க அம்மா சொன்னா. ‘எல்லாம் பேசுற விதத்துல இருக்கு’ன்னு பெருமையடிச்சியாம். இருக்கட்டும். வீட்டுக்காரரு ஒன்கிட்ட என்ன கேட்டாரு? சொந்த ஊரு எது, ஊர்ல எந்தத் தெரு, கொலசாமி எது. நீ சாமி பேரச் சொல்லி முடிக்கல, அவரு சாவிய எடுத்து நீட்டிட்டாரு. அடடா, என்னா பேச்சுத் தெறமை!

ஒன்கூட வேல பாக்குற பையன் ஒருத்தன், அதே சம்பளம், ஒன்னவிட இங்கிலீசு நல்லாப் பேசுவான்னு நீதான சொன்ன? அவன் போற வீடெல்லாம் நேத்தே முடிஞ்சு போயிருதாம். எட்டு மாசமா அந்தப் பய சரியா ஒரு நா லேட்டு. வாசல்ல டூலெட் போர்டு மட்டும் தொங்கிக்கிட்டே இருக்காம். கழட்ட மறந்திருப்பாங்க, பாவம்.

மரியாதையா வாழ வழி கேட்டா நான் சொல்லித் தர்றேன், எழுதிக்க. பொறக்கும்போதே தெருவப் பாத்துப் பொறந்துக்கணும். அதுல நான் மகா கெட்டிக்காரன். பத்து வயசுல, எழுவது வயசுப் பெரியவர ‘டேய், இங்க வாடா’ம்பேன். அவரு துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ‘சொல்லுங்க சாமி’ம்பாரு. அந்த ‘சாமி’ய நான் எந்தப் பரிச்ச எழுதி வாங்குனேன்? இப்ப அவரு கொள்ளுப்பேரன் தாலுகா ஆபீசுல இருக்கான். போன மாசம் என் பென்சன் பேப்பரச் சரி பண்ணிக் குடுத்தான். ‘வாங்க போங்க’ன்னு பேசணும்னு வாயத் தெறந்தேன், நாக்கு பொரளல. அறுவத்தெட்டு வருசப் பழக்கமில்லையா.

டீக்கடைக் கதையக் கேளு. 1950-லயே அரசியல் சட்டம் 17-வது பிரிவுல தீண்டாமைய ஒழிச்சாச்சு. 1955-ல தண்டனைக்கும் சட்டம் போட்டாச்சு. அந்தச் சேதி நம்ம ஊருக்கு நடந்து வந்துச்சு போல. வழியில டீ குடிக்க ஒக்காந்திருச்சு. எந்தக் கிளாசுல குடுத்தாங்களோ!

என் சின்ன வயசுல அந்தப் பெரியவரு தெருக்காரவுகளுக்குச் சிரட்டை. அப்பறம் கூரையோரம் செருகி வச்ச தனிக் கிளாசு; குடிச்சவுகளே கழுவி வைக்கணும். 1989-ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. கொஞ்ச நாள்ல போலீசு எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும், கடைக்காரருக்குத் திடீர்னு சுத்தத்து மேல பக்தி வந்து பிளாஸ்டிக் கப்பு வாங்கிப் போட்டாரு. குடி, கசக்கு, எறி. ‘சுகாதாரம்ணே’ன்னாரு. அப்ப எனக்கும் சுகாதாரமாவே குடுய்யான்னேன். ‘ஒங்களுக்கு எதுக்குண்ணே, கண்ணாடியிலயே குடிங்க’ங்கிறாரு. பாத்துக்க, நோய்க்கிருமிக்கும் தெரு தெரியுது.

2019 ஜனவரி 1-லருந்து அரசாங்கம் பிளாஸ்டிக் கப்பத் தடை பண்ணுச்சு. பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பையும் சேத்துத்தான். அன்னைக்கு அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணுமே, எழவு வீடு! ஒரு வாரம் தவிச்சாரு. அப்பறம் எங்கிருந்தோ கப்பு வந்துருச்சு.

கப்ப விடு, கையப் பாரு. எனக்கு டீயக் கையில குடுப்பாரு. அவுகளுக்குப் பெஞ்சு மேல வச்சுட்டு விரல இழுத்துக்கிடுவாரு. மிச்சச் சில்லறை ஒரு சாண் ஒசரத்துலருந்து உள்ளங்கையில விழும். இதுக்கு எந்த செக்சன்ல கேசு போடுவ?

நாற்காலிக்கும் இந்தக் கொணம் உண்டு. ஓட்டு வாங்கி ஜெயிச்ச ஊராட்சித் தலைவரம்மாவத் தரையில ஒக்கார வச்சுக் கூட்டம் நடத்துன போட்டோ 2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையிலருந்து வந்துச்சே, பாத்தியா? 2022 சுதந்திர தினத்துக்கு, பட்டியலினத் தலைவர்களயும் கொடியேத்த விடுங்கன்னு தலைமைச் செயலாளரே கலெக்டருகளுக்கு லெட்டர் எழுத வேண்டியதாப் போச்சு. சுதந்திரம் வாங்கி 75 வருசம், கயித்த யாரு இழுக்குறதுங்கிறது மட்டும் இன்னும் முடிவாகல.

‘நான்லாம் சாதியே பாக்குறதில்ல தாத்தா’ங்கிற. நம்புறேன்யா. நீ எதுக்குப் பாக்கணும்? ஒனக்காகப் பாத்துப் பாத்துக் குடுக்கத்தான் ஊரெல்லாம் ஆளிருக்கே.

அது கெடக்கட்டும். அந்தப் பையன் பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வர்றானாமே? நல்லா வரட்டும். ஒங்க அம்மாவும் நேத்தே ஏற்பாட்ட ஆரம்பிச்சிட்டா. கடைத்தெருவுக்குப் போறப்ப பேப்பர் கப்பு ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வாங்கன்னு காசு குடுத்திருக்கா. சுகாதாரமாம்.