இலவச வக்கீலுக்கு ஃபீஸ் யார் தருவது?

கேள்வி: கோர்ட்டே ஏற்பாடு செய்து தரும் இலவச வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா? ஓசிதானே!
(வாசகர், சேலையூர்)

பதில்: ஓசி கட்சிக்காரருக்குத்தான், வக்கீலுக்கு அரசு பணம் தருகிறது. எவ்வளவு, எப்போது என்பதில்தான் வம்பே.

பட்டியலில் உள்ள வக்கீல்களுக்கு வழக்குகளைப் பிரித்துத் தரும் பேனல் முறையில் வழக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. அதற்கும் பில் எழுதி, காகிதங்கள் இணைத்துக் காத்திருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்ட கோர்ட்டுக்குப் போய்வரும் பெட்ரோலையும், பெருங்களத்தூர் நெரிசலில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வேகும் நேரத்தையும் எந்த பில்லில் எழுதுவது? கையில் ஃபீஸ் வைக்கும் கட்சிக்காரரின் கேஸ் முந்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வேறு வழி கண்டது. குற்ற வழக்குகளுக்கு மாதச் சம்பளத்தில் முழுநேர வக்கீல்கள். தனி பிராக்டீஸ் கூடாது. அரசுத் தரப்புக்குச் சம்பள வக்கீல் இருக்கும்போது எதிர்த்தரப்புக்கும் இருப்பதுதானே நியாயம்? என்ன, இவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். கைதிக்கு ஜாமீன் கேட்டுவிட்டு, தன் வேலை நீட்டிப்புக்கும் மனு போடவேண்டிய நிலை!

அதே 2022-இல் இங்கிலாந்தில் கிரிமினல் வக்கீல்கள் இந்த அரசு ஃபீஸுக்காகவே வேலைநிறுத்தம் செய்து, 15 சதவீத உயர்வு வாங்கினார்கள். கோர்ட் புறக்கணிப்பில் நம்மவர்களுக்கு அவர்கள் புதிதாக ஒன்றும் கற்றுத்தர முடியாது.

நம் நாட்டின் 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், பட்டியல் இனத்தவர், காவலில் இருப்பவர் யாருக்கும் இலவச வக்கீல் உதவிக்கு வருமான வரம்பே கிடையாது. உதவி எண் 15100.