பஸ்ஸுல தூங்கினா நாடு போயிரும்

லீக்டன்ஸ்டைனுக்கா போறே கண்ணு? போ, நல்லபடியாப் போ. ஊருக்குள்ள மட்டும் "ஃபாரின்"னு சொல்லிட்டுப் போ. பேரைச் சொன்னீன்னா, எந்த வியாதிக்குக் குடுக்கற மருந்துன்னு கேப்பாங்க. அப்பாரு அந்தப் பக்கத்துல எம்மக ஊட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தவன். நாலு சங்கதி சொல்றேன். நீ கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

ஏரோப்ளேன்ல நேரா அங்க எறங்கலாம்னு நெனைக்காதே, அங்க ஏர்போர்ட்டே கெடையாது. சூரிச்சுல எறங்கி, ரயிலேறி சார்கன்ஸுக்கோ பூக்ஸுக்கோ போய், அங்கிருந்து பச்சை பஸ் புடிக்கோணும். பஸ்ஸுல கண்ணசந்துராதே. தெக்கு வடக்கா நாடே 25 கிலோமீட்டர்தான், முழிச்சுப் பாத்தா ஆஸ்திரியாவுல இருப்பே. மொத்தம் 160 சதுர கிலோமீட்டர், சனம் சுமார் 40,000. நம்மூரு மாரியாத்தா தேருக்கு அதைவிடச் சாஸ்தி கூடும்.

மீன் கொழம்பு ஆசையிருந்தா இங்கயே தீத்துக்க. அந்த நாட்டுக்கும் கடல் கெடையாது, சுத்தியிருக்கற சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் கெடையாது. ஒலகத்துலயே இப்படி ரெட்டைப் பூட்டுப் போட்ட நாடு ரெண்டுதான். இன்னொண்ணு உஸ்பெகிஸ்தான்.

அவங்க சாமர்த்தியத்தைக் கேளு. இல்லாததையெல்லாம் பக்கத்தூட்டுல எரவல் வாங்கிக்குவாங்க. காசு சுவிஸ் பிராங்க், 1924லயிருந்து. சுங்கத்துக்கும் சுவிஸ்காரனோடதான் ஒப்பந்தம். விசாவையே நீ சுவிஸ் தூதரகத்துலதான் வாங்கோணும். ரயில் ஓட்டறது ஆஸ்திரியாக்காரன். வடூஸ் ஊரு ஃபுட்பால் டீமு ஆடறது சுவிஸ் லீக்குல. தேசிய கீதத்துக்கு மெட்டு, இங்கிலாந்து ராசாவுக்குப் பாடற அதே மெட்டு! 2003ல இங்கிலாந்தோட மேட்ச் ஆடினப்ப, ஒரே பாட்டுக்கு ரெண்டு தரம் எந்திரிச்சு நின்னிருக்காங்க பாவம்.

பட்டாளமா? செலவு கட்டுபடியாகலைன்னு 1868லயே கலைச்சுட்டாங்க. கடைசியா 1866ல 80 பேரைக் காவலுக்கு அனுப்பினாங்களாம், திரும்பி வந்தது 81 பேருன்னு ஒரு கதை சொல்லுவாங்க. சண்டைக்குப் போய் சினேகிதனைக் கூட்டிட்டு வந்த பட்டாளம்! 2007 மார்ச்சுல சுவிஸ் சிப்பாய்ங்க 170 பேரு ராத்திரி மழையில வழி தவறி எல்லையைத் தாண்டிட்டாங்க. அடுத்த நாள் சுவிஸ்காரனே சொல்லித்தான் இவங்களுக்குத் தெரிஞ்சுது. நம்மூர்ல வரப்பு ஒரு சாண் நவுந்தாலே ஏழு வருசம் கோர்ட்டுக்கு அலைவோம்.

அதுக்காக எளக்காரமா நெனைச்சுராதே. காசு, பாட்டு, ரயிலுன்னு எதை வேணும்னாலும் எரவல் வாங்குவாங்க. ஊட்டை மட்டும் ஒருத்தனுக்கும் விட மாட்டாங்க. வேலை எத்தனை வேணும்னாலும் குடுப்பாங்க கண்ணு, குடியிருக்க எடம் கேட்டாத்தான் சங்கடம். ஐரோப்பாக்காரனே அங்க குடியிருக்கக் குலுக்கல்ல பேரு குடுத்துட்டு நிக்கறான். வேலை செய்யறவங்கள்ல பாதிக்கு மேல பொழுதோட எல்லையைத் தாண்டி அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவாங்க. எம்மருமவன் சம்பாதிக்கறது அங்க, குறட்டை விடறது ஆஸ்திரியாவுல, ஃபெல்ட்கிர்ஷ்ல. உனக்கும் அதான் நடக்கும், இப்பவே சொல்லிப்புட்டேன்.

குடியுரிமை வேணுமா? 30 வருசம் குடியிருந்து காட்டோணும். இருவது வயசுக்குள்ள அங்க இருந்த வருசத்தை மட்டும் ரெட்டிப்பாக் கணக்கெடுப்பாங்க, அதுக்கு நீ லேட்டு. குறுக்கு வழி ஒண்ணு உண்டு. பத்து வருசம் கழிச்சு, நீ இருக்கற ஊரு சனம் ஓட்டுப் போட்டு உன்னைச் சேத்துக்கோணும். அதனால பக்கத்தூட்டுக் கெழவி கண்ணுல பட்டா மொதல்ல நீ கும்புடு. ராத்திரியில பாட்டு வைக்காதே. ஓட்டுக்கு நோட்டு நீட்டலாம்னு மட்டும் நெனைச்சுராதே, அவங்க கையில உன்னைவிட நோட்டு சாஸ்தி.

அங்க இன்னும் ராசா உண்டு. அந்தக் குடும்பம் 1699லயும் 1712லயுமா எடத்தை வெலைக்கு வாங்கிச்சு. மண்ணு மேல ஆசை இல்லை, அந்தக் காலத்துப் பேரரசரு சபையில உக்கார ஒரு நாற்காலி வேணும்னு. 1719ல அதைத் தனிச் சமஸ்தானமாவும் ஆக்கிட்டாங்க. ஆனா வாங்கிப்போட்ட காட்டை நூறு வருசத்துக்கு மேல ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. 1938லதான் ஒரு ராசா வந்து நெரந்தரமாக் குடியேறினாரு. அவரு மவன் ஹான்ஸ் ஆடம், 2003ல, கேட்ட அதிகாரத்தைக் குடுக்காட்டி வியன்னாவுக்கே போயிருவேன்னாரு. சனம் ஓட்டுப் போட்டுக் குடுத்துட்டாங்க. கோவிச்சுக்கிட்டுப் பொறந்தூட்டுக்குப் போறேன்னு பொண்டாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன், ராசா சொல்லி அப்பத்தான் கேட்டேன். அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்ததே 1984லதான், அதுவும் ஆம்பளைங்க ஓட்டுல நூலெழையில தப்பிச்சு. இங்க இந்திராம்மா நாட்டையே ஆண்டுட்டிருந்த வருசம் அது.

ஆகஸ்ட் 15 அங்கயும் லீவுதான். கொடியேத்தி முட்டாய் குடுப்பாங்கன்னு நின்னுட்டிருக்காதே, அது அவங்க தேசிய நாளு. மலைமேல அரமணைப் பக்கம் சனத்தோட சனமா ஏறிப் போயிரு, ராத்திரி வாணவேடிக்கையும் உண்டு.

சோறுன்னா கேஸ்க்னோப்ஃப்லே. எம்மக ஊட்டுக்கு வர்ற ஒரு அம்மா செஞ்சு காட்டுச்சு. ஓட்டைத் தட்டுல கோதுமை மாவைத் தேய்ச்சுக் கொதிக்கற தண்ணியில விழ வுடறாங்க. மேல மெதந்து வந்ததும் அள்ளி, சீஸைக் கொட்டிப் பெரட்டி, பொன்னாட்டம் வறுத்த வெங்காயத்தைத் தூவிக் குடுத்தாங்க. அதுவரைக்கும் எச்சில் ஊறிச்சு. அப்பறம் பக்கத்துல ஆப்பிளை மசிச்சு ஒரு கரண்டி வெச்சாங்க பாரு! ஊறுகா பாட்டிலை மறக்காம எடுத்துட்டுப் போ.

வடூஸுல எறங்கினதும் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டாதே, எல்லையில கேக்க ஆளே இல்லை. முத்திரை வேணும்னா டூரிஸ்ட் ஆபீசுக்குப் போய் காசு குடுத்தா சந்தோசமாக் குத்துவாங்க. அந்தச் சின்ன ஊரு பொழைக்கற வழியைக் கத்துக்க!

வரும்போது எனக்குச் சாக்லெட்டு வேண்டாம், அது சுவிஸ்காரன் சரக்கு. ஷான்னு ஒரு ஊரு இருக்குது. ஒலகம் பூராவுக்கும் பொய்ப்பல்லு செஞ்சு அனுப்பற கம்பெனி அங்கதான். இவோக்லார்னு பேரு. எழுதி வெச்சுக்க. மேல்வரிசை மட்டும் போதும், கீழ்வரிசையில இன்னும் மூணு ஆடாம நிக்குது.